கேஸ் இறக்குமதி ரூல்ஸ் ஹார்பர் கேட்டோட நின்னுடுது, என் கடை வரைக்கும் வரல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஓசோன் தினத்தை ஒட்டி உங்க பேப்பர்ல ஏசி கேஸ் பத்தி ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, குறை சொல்ல வரல. ஆனா படிச்சு முடிச்சதும் எனக்கு ஒரு சந்தேகம், இதை எழுதினவரு என்னை மாதிரி ஆளு கேஸ் வாங்குற கடைக்கு ஒரு தடவையாவது போயிருப்பாரா? இறக்குமதிக்கு கட்டுப்பாடு இறுகுது, பூமியை சூடாக்காத புது கேஸ் வருதுன்னு முடிச்சிட்டாங்க. இறுகுது சரி, எங்க இறுகுது? நான் தூத்துக்குடியில 20 வருஷத்துக்கு மேல ஏசி, கோல்டு ரூம் வேலை பாக்குறேன். ஹார்பர் எங்க வீட்டுல இருந்து கொஞ்ச தூரம்தான். அந்த ஹார்பர்ல இருக்குற ரூல்ஸ் என் கடைக்கு இன்னும் வந்து சேரல, அதைத்தான் எழுதுறேன், நீளமா போச்சுன்னா வெட்டிக்கோங்க.

முதல்ல கணக்கை சொல்லிடுறேன். ஒவ்வொரு கேஸுக்கும் ஜிடபிள்யூபின்னு ஒரு நம்பர் உண்டு, ஒரு கிலோ காத்துல கலந்தா எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமமா சூடேத்தும்னு காட்டுற நம்பர். பழைய ஏசில இருக்குற ஆர்-22க்கு 1810. அதுக்கு அடுத்து வந்த ஆர்-410ஏக்கு 2088. இப்ப கடையில விக்கிற இன்வெர்ட்டர் ஏசில பெரும்பாலும் இருக்குற ஆர்-32க்கு 675. ஐஸ்க்ரீம் ஃப்ரீசர், மீன் வைக்கிற சின்ன கோல்டு ரூம்ல போடுற ஆர்-404ஏ தான் மோசம், 3922. புரொப்பேன்னு சொல்ற ஆர்-290க்கு வெறும் 3, வீட்டு ஃப்ரிட்ஜ்ல வர்ற ஆர்-600ஏக்கும் அதே அளவுதான். இதுல ஒரு கிலோ 410ஏவை காத்துல திறந்து விட்டா ஏறக்குறைய 900 லிட்டர் பெட்ரோலை எரிச்ச மாதிரி. திறந்து விட எவ்ளோ நேரம் ஆகும்னு கேக்குறீங்களா, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. தினமும் ஊர் பூரா நடக்குது, நானும் ஒரு காலத்துல பண்ணவன்தான், ஒளிச்சு என்ன ஆகப்போகுது.

இந்த கேஸ் எல்லாத்தையும் குறைக்கத்தான் 2016 அக்டோபர்ல ருவாண்டா நாட்டு கிகாலியில ஒப்பந்தம் போட்டாங்க. ஓசோனைக் காப்பாத்த போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு ஒரு திருத்தம் அது. இந்தியா 2021 செப்டம்பர்ல சேந்துச்சு. நம்ம கணக்குப்படி 2028ல உச்ச அளவை ஃப்ரீஸ் பண்ணனும், 2032ல 10 சதவீதம் குறைக்கணும், 2037ல 20, 2042ல 30, அப்புறம் ஒரே தாவா 2047ல 85. எதுல இருந்து குறைக்கணும்னா, 2024, 2025, 2026 மூணு வருஷ சராசரி, அதோட ஆர்-22 மாதிரி கேஸோட பழைய அளவுல 65 சதவீதத்தை கூட்டிக்கிடணும். இதுல ஒரு வேடிக்கை இருக்கு பாருங்க. அளக்குற வருஷத்துல எவ்ளோ ஜாஸ்தி தயார் பண்றோமோ, எவ்ளோ ஜாஸ்தி இறக்குறோமோ அவ்ளோ உசரத்துல இருந்துதான் இறங்க ஆரம்பிப்போம். டயட் ஆரம்பிக்குறதுக்கு முந்தின நாள் பிரியாணி சாப்பிடுற கதைதான். எல்லா நாட்டுக்கும் இதே மாதிரி கணக்குதான், நம்மளை மட்டும் சொல்லல.

இன்னொண்ணு, இந்த கோட்டா கிலோ கணக்குல கிடையாது, சூடேத்துற கணக்குல. அதாவது ஒரு கிலோ 410ஏ இறக்குற இடத்துல மூணு கிலோ ஆர்-32 இறக்கலாம், ஒரு கிலோ 404ஏக்கு பதிலா கிட்டத்தட்ட ஆறு கிலோ. ஆக இறக்குமதி பண்றவன் தானாவே குறைஞ்ச நம்பர் கேஸுக்கு போவான், நல்ல யோசனைதான், இதுல எனக்கு எந்த வருத்தமும் இல்ல. ஆனா பேப்பர்ல எழுதியிருக்குற கேஸும் கேனுக்குள்ள இருக்குற கேஸும் ஒண்ணா இருந்தாத்தான இந்தக் கணக்கெல்லாம்?

நான் தொழிலுக்கு வந்தப்போ ஃப்ரிட்ஜ்ல ஆர்-12 ஓடிட்டு இருந்துச்சு. 2010 ஜனவரியோட அந்த சிஎஃப்சி கேஸ் எல்லாம் நிறுத்தம்னு வந்துச்சு. நல்ல விஷயம், ஓசோன்ல ஓட்டை போட்டது அதுதான். ஆனா ஊர்ல ஆயிரக்கணக்குல பழைய ஃப்ரிட்ஜ் ஓடிட்டுதான இருந்துச்சு, அதுக்கு என்ன போடுறது? அப்பதான் நான் முதல் முதலா டூப்ளிகேட் கேஸை பாத்தேன். கேன்ல ஆர்-12ன்னு எழுதியிருக்கும், உள்ள என்ன இருக்குன்னு அடைச்சவனுக்கு மட்டும்தான் வெளிச்சம். சிலது முழுக்க முழுக்க எரியுற கேஸ். பிரேசிங் பண்ணும்போது, அதாவது தீ வச்சு குழாயை ஒட்டும்போது, மூஞ்சில தீ அடிச்சு புருவம் கருகினவங்க எங்க செட்டுலயே ரெண்டு பேரு உண்டு.

இப்ப அதே கதை ஆர்-22க்கு திரும்ப வருது. புது மெஷின் செய்ய ஆர்-22 மாதிரி எச்சிஎஃப்சி கேஸை பயன்படுத்துறது 2024 டிசம்பர் 31ஓட முடிஞ்சு போச்சு. 2030ல மொத்தமா நிப்பாட்டணும், அதுக்கப்புறம் 2040 வரைக்கும் சர்வீஸுக்குன்னு வருஷத்துக்கு சராசரியா ரெண்டரை சதவீதம் மட்டும் மிச்சம் இருக்கும். ஆனா ஏசிங்கிறது செல்போன் இல்லையே, பத்து பன்னெண்டு வருஷம் ஓடும், கடலோர ஊர்ல காயில் அரிச்சு சீக்கிரம் போகும், அப்பவும் மாத்திப் போட்டு ஓட்டுவாங்க. லாட்ஜ், கல்யாண மண்டபம், கிளினிக்னு இன்னும் எத்தனையோ இடத்துல ஆர்-22 ஸ்பிலிட் ஓடுது. கேஸ் குறைய குறைய விலை ஏறும், விலை ஏற ஏற கலப்படம் வரும், இதுக்கு பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், ரெண்டு சீசன் கடையில உக்காந்தவனுக்கு தெரியும். (ஆர்-22 உற்பத்தி அடியோட நிக்கும்னும் நினைக்காதீங்க, நான்ஸ்டிக் தவாவுல பூசுற டெஃப்லானுக்கு மூலப்பொருளே அதுதான், அந்த உபயோகத்துக்கு கணக்கு தனி.)

சரி, கலப்படத்தை மெக்கானிக் கண்டுபிடிக்க முடியாதான்னு கேப்பீங்க. எங்ககிட்ட இருக்குறது பிரஷர் பாக்குற கேஜ் மட்டும்தான். காலையில 30 டிகிரி இருக்கும்போது கேன்ல கேஜை மாட்டுனா பாட்டில் கூலர்ல போடுற ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) காட்டணும், ஆர்-22 158 பக்கம் காட்டணும். ஆர்-32வும் 410ஏவும் ரெண்டுமே 260 பக்கம்தான், கேஜை வச்சு இதை அதுன்னு பிரிக்கவே முடியாது. புரொப்பேன் 140 சொச்சம் காட்டும், அதாவது ஆர்-22க்கு பக்கத்துல. கொஞ்சம் கலந்து சரி பண்ணிட்டான்னா கேஜுக்கு தெரியாது, ஏசி கூட நல்லா குளுகுளுன்னு ஓடும், ஆர்-22க்குன்னு செஞ்ச மெஷினுக்குள்ள எரியுற கேஸ் சுத்திட்டு இருக்குறது வீட்டுக்காரருக்கும் தெரியாது, அடுத்து வர்ற மெக்கானிக்குக்கும் தெரியாது. அவன் குழாய் ஒட்ட தீ டார்ச்சை பத்த வைப்பான்.

அதுக்காக எரியுற கேஸ்னாலே ஆபத்துன்னு நான் சொல்ல வரல. புரொப்பேனுக்குன்னே செஞ்ச ஏசி 2012ல இருந்து நம்ம நாட்டுல கோத்ரேஜ் விக்கிறாங்க, அளவு கம்மி, டிசைனும் அதுக்கு ஏத்த மாதிரி. தெரிஞ்சு போட்டா ஒண்ணும் இல்ல. தெரியாம போடுறதுதான் எமன்.

2011ல நடந்ததை சொல்றேன், எங்க ஊரு துறைமுக ஊருங்கிறதால எனக்கு இது மறக்காது. கப்பல்ல போற குளிர்சாதன கன்டெய்னர்ல ஆர்-134ஏன்னு நினைச்சு போலி கேஸ் அடிச்சிருக்காங்க. அதுல கலந்திருந்தது ஆர்-40, மெத்தில் குளோரைடு, நூறு வருஷம் முன்னாடி ஃப்ரிட்ஜ்ல போட்டு ஆபத்துன்னு கைவிட்ட சரக்கு. அது கம்ப்ரசர்ல இருக்குற அலுமினியத்தோட சேந்து ஒரு பொருள் உண்டாகும், அது காத்து பட்ட உடனே தானா தீப்பிடிக்கும். வியட்நாம்லயும் பிரேசில்லயும் கன்டெய்னர் மெஷின் வெடிச்சு மூணு தொழிலாளிங்க செத்தாங்க. உலகம் பூரா ஆயிரக்கணக்கான கன்டெய்னரை ஓரங்கட்டி சோதனை போட்டாங்க. செத்தவங்க யாரு? கேஸ் இறக்குமதி பண்ணவனா, லேபிள் ஒட்டுனவனா? ஸ்பேனர் பிடிச்சவன்.

இப்ப என் சொந்தக் கதைக்கு வர்றேன். போன வருஷம் கோடையில ஒரு கூல்ட்ரிங்ஸ் கடையில பாட்டில் கூலருக்கு கேஸ் அடிக்க ஆர்-134ஏ கேன் ஒண்ணு வாங்குனேன். வழக்கமா வாங்குற கடையில ஸ்டாக் இல்ல, வேற ஒரு டீலர்கிட்ட எடுத்தேன், பேரு வேண்டாம். விலை கொஞ்சம் கம்மி. "அண்ணாச்சி, ஒரிஜினல் இம்போர்ட்டட் சரக்கு, நம்பி எடுத்துட்டுப் போங்க"ன்னான். டிஸ்போசபிள் கேன், 13.6 கிலோ, அட்டைப்பெட்டி பளபளன்னு இருந்துச்சு. பில் கேட்டேன், துண்டுச்சீட்டுல "கேஸ் 1"னு எழுதிக் குடுத்தான். கேஜ்ல வச்சுப் பாத்தேன், பிரஷர் சரியாத்தான் காட்டுச்சு. பதினோரு நாள்ல அந்த கூலர் கம்ப்ரசர் எரிஞ்சு போச்சு. கடைக்கார அண்ணாச்சி கத்துன கத்துல தெருவே கூடிருச்சு, அவரைக் குறை சொல்ல முடியுமா, கோடையில பாட்டில் கூலர் நின்னா அவரு பொழப்பு என்ன ஆவுறது. கம்ப்ரசர் காசு என் கையில இருந்துதான் போச்சு.

எனக்கு தொழில் கத்துக்குடுத்த மேஸ்திரி ஒருத்தர் இருந்தாரு, அவரோட பழைய ஹேலைடு டார்ச் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அந்தக் காலத்துல லீக் பாக்குறதுக்கு வச்சிருந்தது, செம்புத் தகடு மேல தீ எரியும், குளோரின் இருக்குற கேஸ் பட்டா தீ பச்சையா மாறும். ஆர்-134ஏல குளோரின் கிடையாது, பச்சை வரவே கூடாது. மொட்டை மாடியில காத்து அடிக்கிற பக்கமா நின்னு (அந்தப் புகை விஷம், வீட்டுக்குள்ள யாரும் முயற்சி பண்ணிடாதீங்க) அந்த கேனை லேசா திறந்து டார்ச் குழாய்ல காட்டுனேன். பச்சைன்னா பச்சை, வாழைக்குருத்து மாதிரி. ஆக உள்ள இருக்குறது ஆர்-22 கலந்ததோ, இல்ல நான் மேல சொன்ன அந்த ஆர்-40 கலந்ததோ, எதுன்னு அந்த டார்ச் சொல்லாது. எங்க போய் டெஸ்ட் பண்றதுன்னு விசாரிச்சேன். ஒரு ஆபீஸ்ல இது எங்க வேலை இல்லன்னாங்க, இன்னொரு இடத்துல பில் இருக்கான்னாங்க, ஒரு தனியார் லேப்ல சொன்ன ரேட்டைக் கேட்டு போனை வச்சிட்டேன்.

இதைத்தான் ஐயா நான் சொல்ல வர்றது. மேல ரூல்ஸ் இல்லாம இல்ல. ஓசோனைக் கெடுக்குற கேஸுக்கு 2000லயே மத்திய அரசு விதி போட்டுச்சு, இறக்குமதிக்கு லைசன்ஸ், விக்கிறவன் பதிவு பண்ணனும், கணக்கு வைக்கணும், எல்லாம் எழுத்துல இருக்கு. 2020 அக்டோபர் 15ல, கேஸ் அடைச்ச ஏசியை வெளிநாட்டுல இருந்து இறக்கவே கூடாதுன்னு டிஜிஎஃப்டி, அதாவது மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம், தடை போட்டுச்சு. 2021 டிசம்பர்ல சீனாவுல இருந்து வர்ற ஆர்-32க்கும் சில கலவை கேஸுக்கும் அஞ்சு வருஷத்துக்கு ஆன்டி டம்பிங் வரி, அதாவது அடிமட்ட விலைக்கு இங்க கொண்டு வந்து கொட்டுறதைத் தடுக்குற வரி, போட்டாங்க. நம்ம நாட்டுலயே ராஜஸ்தான் பிவாடி, குஜராத் தஹேஜ் பக்கமெல்லாம் கேஸ் ஃபேக்டரி இருக்கு, அவங்களை காப்பாத்தணும்னு போட்ட வரி, அதுவும் நியாயமா இருக்கலாம், நான் பொருளாதாரம் படிச்சவன் இல்ல. ஆனா இந்த மூணுல எதுவுமே அந்த பளபள அட்டைப்பெட்டி என் கைக்கு வர்றதை தடுக்கல. வரி போட்டு ஒரிஜினல் விலை ஏறுனா போலி போடுறவனுக்கு இன்னும் லாபம்.

அதுல ஒரு ஓட்டையும் இருந்துச்சு. 2000 விதி ஓசோனைக் கெடுக்குற கேஸுக்குத்தான் போட்டது. ஆர்-32, 410ஏ, 134ஏ இதெல்லாம் ஓசோனை ஒண்ணும் பண்ணாது, பூமியைத்தான் சூடாக்கும், அதனால அந்தப் பட்டியல்ல வரல. 2021 ஆகஸ்ட்ல கிகாலிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் குடுத்தப்போ, 2024 நடுவுக்குள்ள அந்த விதியைத் திருத்தி இந்த கேஸையும் கொண்டு வருவோம்னு சொன்னாங்க. டெல்லியில திருத்துறது அவங்க வேலை, ஆனா திருத்தம் கடைசி டீலர் வரைக்கும் இறங்கணும், மாவட்டத்துல ஒரு ஆளாவது வந்து கேனைத் தட்டிப் பாக்கணும். உரக்கடைக்கு வந்து சாம்பிள் எடுக்குறாங்க, பெட்ரோல் பங்க்ல வந்து அளவு பாக்குறாங்க, ஹோட்டல்ல வந்து எண்ணெய் பாக்குறாங்க. கேஸ் கடைக்கு யாரு வந்தா? நான் இத்தனை வருஷத்துல பாக்கல.

அந்த டிஸ்போசபிள் கேனையே ஒழிச்சா பாதி பிரச்சனை தீரும்ங்கிறது என் அபிப்ராயம். ஐரோப்பாவுல 2007லயே இந்த மாதிரி கேஸை ஒருதடவை கேன்ல விக்கக்கூடாதுன்னு நிப்பாட்டிட்டாங்க. காலி கேன்ல எப்பவும் கொஞ்சம் கேஸ் தங்கும், அது எப்படியும் காத்துல போகும், அது ஒரு நஷ்டம். அதைவிட முக்கியம், காலி கேனும் அட்டைப்பெட்டியும்தான் டூப்ளிகேட் போடுறவனுக்கு மூலதனம். எங்க பக்கத்துல பழைய இரும்புக்காரர் காலி கேனுக்கு நல்ல காசு குடுக்குறப்பவே எனக்கு சந்தேகம்தான். வீட்டு சமையல் சிலிண்டர் மாதிரி நம்பர் போட்டு திரும்ப வாங்குற சிலிண்டரா இருந்தா, எந்தக் கப்பல்ல வந்துச்சு, எந்த ஃபேக்டரியில அடைச்சாங்க, யாரு வித்தான்னு கேக்க ஒரு இடமாவது இருக்கும். டெபாசிட் கட்ட சின்ன மெக்கானிக்குக்கு கஷ்டம்னு சொல்வாங்க, உண்மைதான், நானும் முனகுவேன். ஆனா கம்ப்ரசர் காசை விட கம்மிதான்.

டெஸ்ட் பண்ற கருவியும் ஒண்ணும் ராக்கெட் கிடையாது. கைப்பெட்டி சைஸ்ல ஐடென்டிஃபையர்னு வருது, கேனை மாட்டுனா என்ன கேஸ் எத்தனை சதவீதம்னு சொல்லிடும். கஸ்டம்ஸ்ல இந்த மாதிரி கருவி வச்சு பாக்குறதுக்கு மான்ட்ரியல் ஒப்பந்த நிதியில பல நாட்டுல உதவி பண்றாங்க. எனக்கு கஸ்டம்ஸ்ல இருக்குற கருவியால பிரயோஜனம் இல்ல, கப்பல்ல வர்றப்போ சுத்தமா இருந்த சரக்கு கூட வழியில ஏதோ ஒரு குடோன்ல கலப்படம் ஆகலாம், உள்ளூர்லயே அடைச்சு இம்போர்ட்டட்னு லேபிள் ஒட்டலாம். மாவட்டத்துக்கு ஒண்ணு, அரசு ஐடிஐல வைக்கட்டும், அங்க ஏசி டிரேடு இருக்கு, வாத்தியாரு இருக்காரு, பசங்களுக்கும் பாடம் ஆகும். கட்டணம் வாங்கட்டும், குடுக்குறோம்.

2019ல மத்திய அரசு குளிர்விப்பு செயல் திட்டம்னு ஒண்ணு போட்டாங்க, அதுல 2022-23க்குள்ள ஒரு லட்சம் மெக்கானிக்குக்கு டிரெய்னிங்னு எழுதியிருந்துச்சு. நான் ஒரு தடவை டிரெய்னிங் போனேன், நல்லா சொல்லிக் குடுத்தாங்க, பழைய கேஸை காத்துல விடாம ரெக்கவரி மெஷின்ல புடிக்கணும்னு சொன்னாங்க. சாப்பாடும் நல்லா இருந்துச்சு. ஊருக்கு வந்து புடிச்ச கேஸை எங்க குடுக்குறதுன்னு கேட்டா பதில் இல்ல. கடையில ரெண்டு சிலிண்டர் நிறைய வெவ்வேற மெஷின்ல இருந்து புடிச்ச கேஸ் நாலு மாசம் கிடந்துச்சு. கஸ்டமர் "கேஸை ரெக்கவரி பண்ண எதுக்குய்யா தனியா காசு, திறந்து விட வேண்டியதுதான"ன்னு கேக்குறாரு. அவருக்கு நான் 900 லிட்டர் பெட்ரோல் கணக்கு சொன்னா சிரிக்கிறாரு. வெளிநாட்டுல இருந்து வர்ற ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு கேக்குற அரசாங்கத்துக்கு, ஏற்கனவே இங்க மெஷினுக்குள்ள இருக்குற கேஸைப் புடிச்சு சுத்தம் பண்ணி திரும்ப உபயோகிச்சா அந்த அளவுக்கு புதுசா இறக்க வேண்டாமே, இது ஏன் தோண மாட்டேங்குதுன்னு தெரியல.

புது கேஸ்னு கட்டுரையில எழுதியிருந்த ஆர்-1234ஒய்எஃப் பத்தியும் ஒரு வார்த்தை. ஐரோப்பாவுல 2017ல இருந்து விக்கிற எல்லா புது கார்லயும் ஜிடபிள்யூபி நம்பர் 150க்கு மேல இருக்குற கேஸ் போடக்கூடாது, அதனால அங்க இதுதான் ஓடுது, இதோட நம்பர் 4. நம்பரைப் பாத்தா தங்கம். விலையும் தங்கம். ஆனா அது காத்துல சிதைஞ்சு டிஎஃப்ஏன்னு ஒரு அமிலமா மாறி மழைத்தண்ணில சேருது, சேந்தது லேசுல அழியாதுன்னு அங்கேயே இப்ப சண்டை நடக்குது. எங்க ஊர் ஐஸ் ஃபேக்டரியில எங்க தாத்தா காலத்துல இருந்து ஓடுறது அமோனியா, அதோட நம்பர் பூஜ்யம், எந்த நாட்டுல இருந்தும் தனியா லைசன்ஸ் வாங்கி இறக்க வேண்டியதில்ல. லீக் ஆனா என்ன ஆகும்னு எங்க ஊருக்காரங்களுக்கு சொல்லித் தரவும் வேண்டாம், அதனால அதுக்கு பயந்து நடந்துக்கிடுவாங்க. வாடையே காட்டிக் குடுத்துரும். மத்த கேஸுக்கு வாடையும் கிடையாது, பயமும் கிடையாது.

அந்த 134ஏ கேன் இன்னும் என்கிட்டதான் இருக்கு, பாதிக்கு மேல கேஸ் உள்ள கிடக்கு. கடைக்குள்ள வைக்க பயமா இருக்கு, அதனால பின்பக்கம் நிழல்ல சங்கிலி போட்டு பூட்டி வச்சிருக்கேன். வித்தவன்கிட்ட திருப்பிக் குடுத்தா அடுத்த ஆளு தலையில கட்டிருவான், காத்துல விட மனசு வரல, எடைக்குப் போடவும் முடியாது. இதை முறையா வாங்கி டெஸ்ட் பண்ணி உள்ள என்ன இருக்குன்னு எழுதிக் குடுக்குற ஆபீஸ் எதுன்னு உங்க நிருபர் யாராவது விசாரிச்சு பேப்பர்ல போட்டா, என் செலவுல ஆட்டோ வச்சு கொண்டு போய் குடுக்குறேன்.

இப்படிக்கு,
ஒரு ஏசி மெக்கானிக்,
தூத்துக்குடி